மாற்றாள் போன நாள்

பூதலூர்
18.10.2021

அன்புள்ள தம்பி நெடுமாறனுக்கு அக்கா செந்தாமரை எழுதுவது.

இங்கே நானும் கவியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அத்தைக்கு மட்டும் கால் வீக்கம் வடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

போனில் பேசினால் "இங்க எல்லாத்தையும் கேக்குறாங்கக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்றுதான் எழுதுகிறேன். அதிராம்பட்டினத்து சேக் தாவூது அண்ணன் உங்கள் கேம்ப் வாசலிலேயே கடை வைத்திருப்பது வசதியாகப் போயிற்று. அவர் ஆட்கள் மாதத்துக்கு ஒருவராவது ஊருக்கு வந்து போகிறார்கள். இதை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார்கள்.

கவி அப்பாவைப் போன மாதம் முப்பதாம் தேதி திருச்சி விமான நிலையத்தில் வாங்கினோம். வாங்கினோம் என்று எழுத எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் சரக்கு இறக்கும் இடத்தில், நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்கத்தான் செய்தோம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். நான் திறக்கச் சொன்னேன். முகம் காய்ந்து கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. எரித்தோம், காரியமும் முடித்தோம். நீ வரவில்லை. கம்பெனியில் விடவில்லை என்றாய், சரி.

கூட வந்த தாளில் அறையில் உறங்கும்போது இதயம் நின்று இயற்கை மரணம் என்று போட்டிருக்கிறது. முப்பத்தெட்டு வயது இராஜாங்கத்துக்கு இயற்கை மரணமாம். வியாழக்கிழமை சாயங்காலம் என்னிடம் பேசியவர், "நாளைக்கு எனக்கு லீவு, துணி தொவைக்கணும்" என்றார். மறுநாள் மனுஷன் இல்லை.

அவர் பையில் கம்பெனி நீலச் சட்டை ஒன்று வந்தது. முதுகில் 2206 என்று இருக்கிறது. அது உன் நம்பர். உனக்கு எழுதும் ஒவ்வொரு உறையிலும் நான் எழுதுகிற நம்பர். அவருடையது 1871. உன் சட்டை அவர் பையில் ஏன் வந்தது?

மூன்று விஷயம் மட்டும் எழுது. எப்படிச் செத்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், கடைசியாக என்ன சொன்னார். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
செந்தாமரை


தோஹா
12.11.2021

என் உயிருக்கும் மேலான அக்காவுக்கு, தம்பி நெடுமாறன் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நல்ல சுகம். முதுகுவலி தேவலை. நீயும் கவியும் அத்தையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அத்தையை வெந்நீரில் கால் வைத்துக்கொள்ளச் சொல். கவி எத்தனையாவது ரேங்க்? அங்கே மழை அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். சம்பா பயிர் முழுகிவிட்டதா? வாய்க்கால் கரையை யாராவது பார்த்தார்களா?

மாமா போனதை நினைத்தால் எனக்கும் கையும் காலும் ஓடவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன் அக்கா. ஓவர்டைம். சாயங்காலம் அறைக்கு வந்து பார்த்தால் படுத்த மாதிரியே இருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. தாளில் போட்டிருப்பது சரிதான். சொந்தக்காரன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டால்தான் உடம்பைச் சீக்கிரம் அனுப்புவோம் என்றார்கள், நான் போட்டுக் கொடுத்தேன்.

சட்டை விஷயம் ஒன்றுமில்லை. இங்கே எல்லார் துணியையும் மொத்தமாக மிஷினில் போட்டுத் துவைத்துத் தருகிறார்கள், அப்போது மாறியிருக்கும். அடிக்கடி மாறும்.

ஸ்டேடியத்தில் நாற்காலி பொருத்தும் வேலை நடக்கிறது. உள்ளே ஆடுகிறவர்களுக்கு ஏ.சி. போடுகிறார்கள். திறந்தவெளிக்கு ஏ.சி. என்றால் நம்புவாயா?

கவிக்கு முத்தங்கள்.

உன் தம்பி
நெடுமாறன்


பூதலூர்
6.12.2021

தம்பி நெடுமாறனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம். மழையில் குத்தகை நிலம் பத்து நாள் தண்ணீரில் கிடந்தது. பாதி அழுகிவிட்டது. மறுநடவுக்கு நானும் ரெத்தினம் அக்கா கூட்டத்தோடு போய்க்கொண்டிருக்கிறேன்.

அதிராம்பட்டினத்திலிருந்து ரிஃப்கா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தஞ்சாவூரில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களுக்கான சங்கம் ஒன்றில் இருக்கிறாள். அந்த உலகக் கோப்பைக்காக எத்தனை பேர் செத்தார்கள் என்று உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறதாமே, எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். பத்திரிகைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்களாம். நடத்துகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்கிறார்களாம். மற்ற எல்லாரும் இயற்கையாகச் செத்தவர்களாம். "வேலை செய்யும்போது எறந்தா அவங்க கணக்குல வருவாருக்கா. ரூம்ல எறந்தா யாரு கணக்குலயும் வர மாட்டாரு" என்றாள். டெல்டா மாவட்டங்களில் மட்டும் அவள் கையில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். கவி அப்பாவை முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அந்தக் கேள்விக்குறியை எடுக்க ஒரே ஒருத்தர் சாட்சி சொன்னால் போதுமாம்.

அந்தச் சட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி அது மிஷினில் துவைத்த சட்டை இல்லை. கைமுட்டி வரை சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருக்கிறது. முதுகில் உப்புப் பூத்திருக்கிறது. அதோடு கவி அப்பா ஒருநாளும் துணியை மிஷினில் போட்டதில்லை. வாளியில் ஊறவைத்துத் தானே துவைக்கிறதை எனக்கு வீடியோவிலேயே காட்டுவார்.

நான் படிக்காதவள் இல்லை தம்பி. பத்தாவது வரைக்கும் படித்திருக்கிறேன். நான் கேட்ட மூன்றையும் மறுபடி கேட்கிறேன்.

செந்தாமரை


பூதலூர்
21.2.2022

நெடுமாறனுக்கு,

சௌக்கியமா? பொங்கல் போய் அறுவடையும் முடிந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டிசம்பர் கடிதத்தை உன் கையில் கொடுத்ததாக சேக் தாவூது அண்ணன் சொல்கிறார். "வாங்கிப் படிச்சிட்டு, மடிச்சி சட்டைப் பையில வச்சிக்கிட்டுப் போனாரும்மா" என்றார்.

கவிக்கு மட்டும் வாட்ஸப்பில் ஸ்டேடியம் படமாக அனுப்புகிறாய். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் காட்டிப் பெருமைப்படுகிறாள். அப்பா கட்டினது என்று சொல்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

பதில் எழுது.

செந்தாமரை


தோஹா
15.3.2022

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா?

வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆனால் நானும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ரிஃப்காவை இனி வீட்டுக்குள் விடாதே. வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் ஊரில் நடக்காமல் இங்கே நடக்கிறதே என்று வயிற்றெரிச்சல். அதற்கு நம் வீட்டுச் சாவு வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒருத்தனும் உன் வாசலை எட்டிப் பார்க்க மாட்டான்.

நம் தெருவில் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து செத்தவர்களை யார் எண்ணினார்கள்? நம் அப்பா அண்டை வெட்டும்போது வரப்பிலேயே விழுந்து செத்தபோது எந்தப் பேப்பரில் போட்டார்கள்? நிலத்துக்காரர் ஒரு வேட்டியும் ஒரு மூட்டை நெல்லும் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். இங்கே பெட்டியில் வைத்து விமானத்திலாவது அனுப்புகிறார்கள்.

எங்களுக்கு இங்கே நல்ல சாப்பாடு, டிவி, விளையாட்டு எல்லாம் உண்டு. நான் கெட்டுப் போகவில்லை. மாமாதான் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார், அவருக்கு நான் துரோகம் செய்வேனா? எதையும் கிளறாதே அக்கா. என் விசா இதில் இருக்கிறது.

உன் தம்பி
நெடுமாறன்


பூதலூர்
19.4.2022

நெடுமாறனுக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கும். படத்தில் பார்த்தாலே தெரிகிறது.

எந்தப் படம் என்று கேட்பாய். ரிஃப்கா கொண்டுவந்து காட்டினாள். எங்கள் ஆட்களை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று உன் கம்பெனி இன்டர்நெட்டில் போட்ட படம். பதினோரு பேர் கோப்பையோடு நிற்கிறீர்கள். நடுவில் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பது நீ. வாயெல்லாம் பல். கீழே எல்லார் பெயரும் போட்டிருக்கிறது. பின்னால் துணியில் தேதியும் இருக்கிறது. செப்டம்பர் பதினேழு, வெள்ளிக்கிழமை. கவி அப்பா போன நாள்.

அன்றைக்கு ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்ததாக எழுதினாய்.

நீ பந்து விளையாடியதற்கு நான் கோபப்படவில்லை. தஞ்சாவூர் ஸ்டேடியத்தில் நீ முதன்முதலாக மாவட்டத்துக்கு ஆடியபோது உனக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். கவி அப்பாதான் தன் சைக்கிளை விற்று வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதம் பூதலூர் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்.

நம் தெருவில் நடவுக்கு எப்படிப் போவோம் என்று உனக்கு மறந்திருக்காது. ஒருத்திக்கு முடியாவிட்டால் அவள் வீட்டிலிருந்து இன்னொருத்தி அவள் பெயரில் இறங்குவாள். மாற்றாள். ரெத்தினம் அக்கா தலையை எண்ணுவாளே தவிர முகத்தைப் பார்க்க மாட்டாள். நமக்காக மாற்றாள் போனவளுக்கு அந்த ஒரு நாளை நாம் திருப்பித் தர வேண்டும், அவள் எங்கே கூப்பிட்டாலும். போன வருஷம், தனக்கு ஒரு நாள் தர வேண்டியிருந்த நாத்தனாரோடு சண்டை வந்தபோது ரெத்தினம் அக்கா, "உன் நாளு எனக்கு வேணாம்டி" என்று சொல்லிவிட்டாள். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது எதுவும் இல்லாமல் போய்விட்டது.

உன் பெயரில், உன் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வேலைக்கு இறங்கியது யார்? இதை நான் உன்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செந்தாமரை


தோஹா
10.6.2022

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஓவர்டைம் பட்டியலில் என் பெயர் இருந்தது. அன்றைக்கே கேம்ப்புகளுக்குள் நடந்த பந்துப் போட்டியில் எங்கள் அணிக்கு இறுதி ஆட்டம். போர்மேனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "லிஸ்ட்டில் பேர் இருந்தால் ஆள் வரணும்" என்று முடித்துவிட்டான். நான் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உன் கார்டையும் சட்டையையும் குடு. நான் போய்ட்டு வரேன்."

"மாட்டிக்குவோம் மாமா."

"நடவுக்குப் போறதில்லையா? அந்த மாதிரிதான். தலைய எண்ணுவான், மூஞ்சியவா பாக்கப் போறான்? ஒரு நாளுதானேடா. நீ ரெண்டு கோலு போட்டுட்டு வா."

நான் கொடுத்தேன். அவர் கார்டை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வச்சிரு" என்றார். பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கோடையில் மத்தியான வேலை கூடாது என்று இங்கே தடை உண்டு. அது பதினைந்தாம் தேதியோடு முடிந்துவிட்டது. வெயில் மட்டும் அப்படியேதான் இருந்தது. வெளிப்பக்கப் படிக்கட்டுக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டாராம். எங்கள் அறை பாசித்தும் இன்னும் இரண்டு பேரும்தான் பார்த்தார்கள். உள்ளேயே கிளினிக் இருக்கிறது அக்கா. ஆனால் அங்கே கார்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அவர் சட்டைப் பையில் இருந்தது என் கார்டு, என் முகம். ஆள் மாறியது தெரிந்தால் ஐந்து பேருக்கும் வேலை போகும், ஜெயிலும் உண்டு. பயந்துபோய், தண்ணீர் வண்டியில் படுக்க வைத்து, போர்மேன் கண்ணில் படாமல் அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஈரத்துணி போட்டார்கள். மாமாவின் கார்டு வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எனக்குப் போன் மேல் போன் போட்டார்கள்.

கார்டு என் பையில் இருந்தது. போனும் அதே பையில்தான் இருந்தது. பை ஓரத்தில் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. நாங்கள் வேறொரு ஏ.சி. மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணி தாண்டியும் மூச்சு இருந்தது என்று பாசித் சொன்னான். நீ பார்த்த அந்தப் படத்தை எடுத்தது ஐந்து மணிக்கு அக்கா. ஆட்டம் நாலரைக்கே முடிந்துவிட்டது. படம் எடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் நின்றோம். பையைத் திறந்து பார்த்தபோது இருபத்திரண்டு மிஸ்டு கால். நான் வந்து சேர்ந்தபோது ஒன்றும் இல்லை.

கார்டை மாற்றி வைத்தேன். மாமா மேலிருந்த என் சட்டையை என்னால் கழற்ற முடியவில்லை. பாசித்தான் கழற்றினான். அவசரத்தில் மாமாவின் பையிலேயே திணித்துவிட்டான் போலிருக்கிறது. பிறகு ஆபீஸில் சொன்னோம். அவர்கள் எழுதி வைத்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். நடுவில் ஒரு தடவை கண் விழித்து, "பய ஜெயிச்சிட்டானா?" என்று பாசித்திடம் கேட்டாராம். அவ்வளவுதான்.

இதை யாரிடமும் காட்டாதே. உன் காலில் விழுகிறேன்.


பூதலூர்
4.7.2022

நெடுமாறனுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அந்தச் சட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

படித்த அன்றைக்கு நடவு. மேட்டூரை இந்த வருஷம் மே மாதமே திறந்துவிட்டதால் குறுவை எல்லா இடத்திலும் ஒன்றாக ஓடுகிறது. குனிந்தபடியே அழுதேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. வயலில் அழுவதற்கு அது ஒரு வசதி.

பாசித்தும் மற்ற இரண்டு பேரும் ஏழைகள், பயந்துவிட்டார்கள். அவர்களை நான் சபிக்க மாட்டேன். ஆள் விழுந்தால் முகத்தைப் பார்க்காமல் கார்டைப் பார்க்கிற ஆஸ்பத்திரியை வைத்தவனைச் சபிக்கிறேன். உன்னை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. நீ ஆடப் போனது தப்பில்லை. அவரே அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் என்னிடம் மிஷினில் துவைத்த கதை சொன்னாயே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. அவர் அறையில் தூங்கிச் செத்தார் என்கிற தாளில் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். எனக்கு எழுதிய உண்மையின் அடியில் உன் பெயர் இல்லை. ரிஃப்காவிடம் விசாரித்தேன். கையெழுத்து இல்லாத கடிதத்துக்கு மதிப்பில்லையாம்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, தஞ்சாவூரில் சங்கம் ஒரு விசாரணை நடத்துகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வருகிறார். கோப்பை ஆரம்பிப்பதற்கு முன்னால் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வரும். உன் பெயரை சாட்சிப் பட்டியலில் எழுதச் சொல்லிவிட்டேன். காசுக்காக இல்லை. அவர் வேலையில் விழுந்தார், கார்டு இல்லாமல் மூன்று மணி நேரம் கிடந்து செத்தார் என்று நாலு பேர் முன்னால் ஒருத்தன் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குறி போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

அவர் உனக்காக ஒரு நாள் மாற்றாள் போனார். அந்த நாளைத் திருப்பித் தா. பன்னிரண்டாம் தேதி ஒரு நாள் மட்டும்.

செந்தாமரை


தோஹா
8.9.2022

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் கவியின் நலமும் அறிய ஆசை. அத்தைக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

வருகிறேன் அக்கா. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று, நவம்பர் எட்டாம் தேதி திருச்சி. வந்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன். சொன்ன பிறகு இங்கே திரும்ப முடியாது என்று தெரியும். பரவாயில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்குகிறது. அந்த அறையில் அதே கட்டிலுக்கு எதிரில்தான் நான் ஒரு வருஷமாகப் படுத்திருக்கிறேன்.

கவியிடம் மாமா வருகிறான் என்று சொல்.

உன் தம்பி
நெடுமாறன்


தோஹா
3.11.2022

அக்காவுக்கு,

சுகம். சுகமா?

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். புது ஸ்டேடியத்தில் தொழிலாளிகளுக்கு நன்றி சொல்ல ஒரு ஆட்டம் வைக்கிறார்களாம். எல்லா கம்பெனியிலிருந்தும் ஆள் எடுத்து, பெரிய ஆட்கள் முன்னால், டிவியில் வரும். எங்கள் கேம்ப்பிலிருந்து என்னை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். பத்தாம் நம்பர் சட்டை. அதுவும் அதே பன்னிரண்டாம் தேதி. இப்போது லீவில் போனால் திரும்பி வராதே என்கிறார். நான் என்ன செய்வேன் சொல்? மாமா இருந்திருந்தால் போடா என்றுதான் சொல்லியிருப்பார்.

கோப்பை முடிந்ததும் கண்டிப்பாக வருகிறேன். விசாரணையை ஜனவரிக்குத் தள்ளச் சொல்லிப் பார். கவிக்கு ஒரு பந்து அனுப்பியிருக்கிறேன், அசல் பந்து.

உன் தம்பி
நெடுமாறன்


பூதலூர்
20.11.2022

நெடுமாறனுக்கு,

உன் சுகத்தை நான் கேட்கவில்லை.

பந்து வந்தது. கவி கேட்டாள், கொடுத்துவிட்டேன். குழந்தையிடம் எனக்கு வழக்கு இல்லை. தெருவில் அடித்து விளையாடுகிறாள். நன்றாகத்தான் அடிக்கிறாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஏழு மணி ரயிலுக்குத் தஞ்சாவூர் போனேன். சட்டையைப் பையில் வைத்துக்கொண்டேன். கல்யாண மண்டபம் ஒன்றில்தான் விசாரணை. முப்பது வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் அதே மாதிரித் தாள், இயற்கை மரணம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பதினொன்றரை மணிக்கு ரிஃப்கா மைக்கில், "அடுத்து, நெடுமாறன்" என்றாள். எட்டாம் தேதி டிக்கெட்டில் நீ வரவில்லை என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள்.

நான் எழுந்தேன்.

"அக்கா, உங்க பேரு அடுத்ததா வருது" என்றாள்.

"இருக்கட்டும்மா. அவன் வரல. நான் மாத்தாளா வந்திருக்கேன்."

பின்னால் நடவுக்குப் போகிற பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது, ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நீதிபதிக்குப் புரியவில்லை. அவருக்கு விளக்கிச் சொன்னேன். அதன் பிறகு உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பாசித் பெயரையும் மற்ற இரண்டு பேரையும் விட்டுவிட்டேன். உன்னை விடவில்லை. நீ 'நான்' என்று எழுதிய இடத்தில் எல்லாம் நான் என்றே படித்தேன். என் பெயர் பட்டியலில் இருந்தது. நான் கார்டைக் கொடுத்தேன். நான் ஆடிக்கொண்டிருந்தேன். நான் படம் எடுக்க நின்றேன். நான் கையெழுத்துப் போட்டேன். உன் பாவம் அத்தனையையும் ஒரு நாளைக்கு என் வாயில் போட்டுக்கொண்டேன் தம்பி, நீ ஒரு தடவைகூட அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

சட்டையை மேஜை மேல் விரித்தேன். முதுகில் உன் நம்பர், உப்பு அவருடையது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி படம் எடுக்க வந்தாள். முதலில் அவர் பெயரை எழுதிக்கொள் என்றேன். இராஜாங்கம், பூதலூர் என்று ரிஃப்கா சொல்ல எழுதிக்கொண்டாள்.

கையெழுத்து இல்லாத கடிதம் என்று நீதிபதி சொன்னார். பேனாவைக் கேட்டு வாங்கினேன். நீ விட்டுவைத்த இடத்தில் செந்தாமரை என்று எழுதிக் கொடுத்தேன். ரிஃப்கா தன் நோட்டைத் திறந்து, முப்பத்திரண்டுக்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை என் எதிரிலேயே அடித்தாள்.

இன்றைக்கு உங்கள் கோப்பை ஆரம்பிக்கிறதாம். தெருவில் பையன்கள் திரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கவியும் போகிறேன் என்கிறாள். போகட்டும்.

நான் உனக்காக ஒரு நாள் மாற்றாள் போய்விட்டேன். முறைப்படி நீ எனக்கு ஒரு நாள் தர வேண்டும்.

உன் நாள் எனக்கு வேண்டாம்.

செந்தாமரை